படத்துக்குப் பிறகு ஓடிய நாடா

கள்ளன் ஒரேயொரு வீடியோ கசட்டைத்தான் எடுத்துப் போயிருந்தான். அதற்குப் பக்கத்தில் நின்ற பெரிய தொலைக்காட்சியை அவன் தொட்டும் பார்க்கவில்லை.

“நல்ல ரசனையுள்ள கள்ளன், மாமா,” என்றாள் அப்னா.

முத்தலிப் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்தார். முழங்கால் காலையிலிருந்தே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. காப்புறுதிக் கம்பனியொன்றில் நெடுங்காலம் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் ஓய்வில்லாமல் போனது. களவு போன தண்ணீர் மோட்டார், காணாமல் போன மாடு, பொய்க் கையெழுத்து என்று ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். ஊருக்கெல்லாம் அவர் ‘காக்கா’, மூத்த அண்ணன். அப்னா அவருடைய தங்கையின் மகள். சட்டப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை மாமாவை ஸ்கூட்டரில் ஏற்றித் திரிகிறாள். வண்டி நின்றாலும் அவள் வாய் நிற்காது.

“சிரிக்கிற விஷயமில்ல தங்கச்சி,” என்றார் றமீஸ். கல்முனைக்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். வீட்டின் முன்னறை முழுக்கப் படங்கள். ஒரு சுவர் டிஸ்க்குகளுக்கு, மறுசுவர் பழைய கசட்டுகளுக்கு. “‘இரும்புத் தோணி’ படத்துட கசட் அது. களப்புக்கு நடுவுல கதாநாயகன் வில்லன மன்னிச்சு விடுற காட்சி இந்தக் கசட்டுல மட்டும்தான் இரிக்கி. டிஸ்க்ல வெட்டிட்டாங்க. வேற எங்கயும் இல்ல.”

“ஆருக்குத் தெரியும் இது?” என்றார் முத்தலிப்.

“கொட்டகையில எல்லாருக்கும் தெரியும்.”

கொட்டகை என்பது முகநூலில் றமீஸ் நடத்தும் குழு. பொத்துவில் முதல் மருதமுனை வரைக்கும் உள்ள படப் பைத்தியங்கள் அதில் கூடுவார்கள். கசட்டா டிஸ்க்கா என்பதுதான் அங்கே ஓயாத சண்டை. ஒரு கட்சிக்குப் படம் துலக்கமாக இருக்க வேண்டும். றமீஸின் கட்சிக்கு, கோடு விழுந்தாலும் பரவாயில்லை, படம் முழுதாக இருக்க வேண்டும்.

“எடுத்தவன் சாஜித்,” என்றார் றமீஸ். “டியூசன் மாஸ்டர். போன மாசம் இஞ்ச வந்து எல்லாத்தயும் பாத்திட்டுப் போனவன். குழுவில ‘கரைவாகுக் கண்’ எண்டு ஒரு கள்ளப் பேர் இரிக்கி. எப்பவும் டிஸ்க்குக்குத்தான் வக்காலத்து. அதுவும் அவன்தான். ‘அந்த நாடா எங்களுடையது, தந்துவிடுங்கள்’ எண்டு எனக்குத் தனியா எழுதினான். புளொக் பண்ணிட்டன். அதுக்குப் பிறகுதான் கசட் போனது.”

“பொலிசில சொன்னீங்களா?”

“குழுவில சொன்னன். அவன்ட படத்தோட.”

முத்தலிப் கண்ணை மூடித் திறந்தார். அப்னாவுக்கு அந்த முகம் தெரியும். மனிதர்களால் களைத்துப் போகும்போது வரும் முகம்.

அலுமாரியின் பூட்டு உடைபடவில்லை. ‘இரும்புத் தோணி’யின் அட்டைப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் பெயரெழுதாத வேறொரு கசட்.

“பாரம் குறையாம இரிக்கட்டும் எண்டு குப்பக் கசட் ஒண்ட வெச்சிட்டுப் போயிரிக்கான்,” என்றார் றமீஸ்.

“போட்டுப் பாத்தீங்களா?”

“அறியாத கசட்ட என்ட வீடியோ டெக்குல போடமாட்டன் காக்கா. பூஞ்சணம் பிடிச்சிருந்தா ஹெட் பழுதாயிரும்.”

றமீஸின் மனைவி றிஸ்லா பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். கசட்டைப் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. முத்தலிப் தேநீரைக் குடித்துவிட்டு, அந்தப் பெயரில்லாத கசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாஜித்தின் கணித வகுப்பு ஒரு தகரக் கொட்டிலுக்குள் இருந்தது. மாணவர்கள் இல்லை. வாங்குகளில் மணல் படிந்திருந்தது. கரும்பலகையில் ஒரு கணக்கு பாதியில் நின்றது.

“என்ட முகத்தப் போட்டுக் கள்ளன் எண்டு எழுதினதுக்கு ஊரே சிரிச்சிரிக்கி,” என்றான் சாஜித். முப்பது வயதிருக்கும், சவரம் செய்து சில நாட்களாகியிருந்தது. “சிரிச்ச ஆக்கள்ல பாதிப் பேருட புள்ளைகள் என்னட்டப் படிச்சது. இப்ப ஒண்டும் வாறல்ல. கசட்டப் பாக்கப் போனன், மெய்தான். அது போலி எண்டு சண்டையும் பிடிச்சன். படத்துக்குத்தானே சண்ட பிடிச்ச? அதுக்குக் கள்ளனா?”

முத்தலிப் பேச வாயெடுக்கும்போது மேசையிலிருந்த போன் உறுமியது. ‘என்னத் தொட்டாத் தோணி கவுறும்டா!’ என்று ஒரு கதாநாயகக் குரல் கொட்டிலை அதிர வைத்தது. சாஜித் பாய்ந்து அதை அடக்கினான்.

“எனக்கு நிக்காஹ் பேசியிரிக்கிற வீட்டுப் பெரியவர்,” என்றான். “ஊர் வாய் அடங்கட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்றார். அடங்குமா காக்கா?”

முத்தலிப் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு எழுந்தார். வெளியே வந்து ஸ்கூட்டரின் நிழலில் நின்றார். நிழல் அவருடைய ஒரு காலுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

“அந்த வசனம் ‘இரும்புத் தோணி’யிலதானே?”

“ஓம் மாமா. சின்னப் புள்ளையும் சொல்லும்.”

“கரைவாகுக் கண் அத எங்கயாவது எழுதியிரிக்கா பாரு.”

அப்னா போனில் விரலை ஓட்டினாள். சற்று நேரத்தில் சிரித்தாள். “இரிக்கி. ‘என்னைத் தொட்டால் படகு தலைகீழாகும்.’ எல்லாரும் நக்கலடிச்சிரிக்காங்க. டிஸ்க்ல கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தத் திருப்பித் தமிழாக்கின மாதிரி இரிக்கி.”

“சாஜித்துக்கு அந்த வசனம் போன்லயே கிடக்கு. அவன் ஏன் பிழையா எழுதப் போறான்?”

“அப்ப கரைவாகுக் கண் வேற ஆள். ஆனா தமிழ்ப் படத்த ஆரு மாமா இங்கிலீஷ் எழுத்துல பாக்கிற?”

“தெரியா. இதக் கேளு. றமீஸ்ட டெக் ரெண்டும் வீட்டிலதான் இரிக்கி. கசட்டக் கொண்டு போன ஆள் அத எதில போட்டுப் பாக்கிற? இந்தக் காலத்துல வேல செய்ற டெக் எத்தின வீட்டில இரிக்கி?”

“எங்கட வீட்டில ஒண்டு இரிக்கி. உம்மா அதுக்கு மேல பூச்சாடி வெச்சிரிக்கா.”

“பூச்சாடி இல்லாத டெக் ஆரு விக்கிறாங்க எண்டு பாரு.”

விற்பனைப் பக்கங்களைத் தேடியதில் அம்பாறைக் கரையோரம் முழுக்க ஒரேயொரு ஆள்தான் கிடைத்தார். தம்பிலுவிலில் பழைய மின்சாமான் திருத்தும் ரஜிதன். காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று வெயில் அவர்களுடனேயே வந்தது. தம்பிலுவிலில் இறங்கியபோது முத்தலிப்பின் முழங்கால் அவருடன் வர மறுத்தது.

“அந்த டெக்கா? வித்திட்டன் ஐயா,” என்றான் ரஜிதன். “இருந்த ஒண்டும் அதுதான். சத்தம் வராது, படம் மட்டும்தான் ஓடும் எண்டு முதலே சொன்னனான். பரவாயில்ல எண்டு அந்தப் புள்ள மெசேஜ் போட்டது.”

“புள்ளையா?”

“ஓம், பொம்புளப் புள்ள. நான் கோல் எடுத்தா கட் பண்ணிப்போட்டு மெசேஜ் எழுதும். பெருமை பிடிச்ச புள்ள போல எண்டு நினைச்சன். சாய்ந்தமருதுக்கு ஓட்டோவில அனுப்பி வெச்சனான். பொலிவேரியன் வீட்டுத்திட்டத்துல தையல் போர்ட் போட்ட வீடு.”

“சத்தம் வராத டெக்க வாங்க ஒரு ஆள்,” என்றாள் அப்னா. “உங்களுக்கு அடுத்த மாசம் ஓடாத ஃபேன் வாங்கவும் ஆள் வரும்.”

முத்தலிப் சிரிக்கவில்லை. கடை வாசலில் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்.

“அப்னா, கரைவாகுக் கண் எழுதினதெல்லாம் திரும்பப் பாரு. பாட்டப் பத்தி, இசையப் பத்தி, ஆர்ர குரலையாவது பத்தி ஒரு வரி இரிக்கா?”

அவள் தேடினாள். நிறம், வெளிச்சம், வெட்டிய ஓரம், உடை, கண்ணசைவு என்று வருடக்கணக்கில் எழுதப்பட்டிருந்தது. பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

“தமிழ்ப் படத்தப் பத்தி இவ்வளவு எழுதி, பாட்டப் பத்தி ஒரு வரியும் இல்ல,” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அவளுக்கும் பிடிபட்டது. “மாமா, அந்தப் புள்ளைக்குக் காது கேக்காது. அதுதான் டிஸ்க். கீழ எழுத்து ஓடும்.”

“கசட்டுல எழுத்து ஓடாது. பிறகு ஏன் அந்தக் கசட்ட எடுக்கணும்?”

அப்னா ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

பொலிவேரியன் வீட்டுத்திட்டத்தில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. தையல் போர்ட் தொங்கிய வீட்டில் பஸ்மிலா என்ற வயதான பெண் கதவைத் திறந்தாள். டெக் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது. உள்ளே தையல் மெஷினிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். ஆட்களின் காலடி அவளுக்குக் கேட்கவில்லை. தன் மாமியான பஸ்மிலாவின் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்தாள். பெயர் பஹ்மிதா.

அப்னா தன் போனில் எழுதிக் காட்டினாள்: ‘நாங்கள் பொலிஸ் இல்லை. கசட் ஏன் என்று மட்டும் தெரிய வேண்டும்.’

பஹ்மிதா அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தொலைக்காட்சியைப் போட்டு டெக்கை இயக்கினாள்.

சத்தமில்லாமல் ‘இரும்புத் தோணி’ முடிந்தது. பெயர்கள் ஓடின. திரை பனியாக இரைந்து, அதற்குள்ளிருந்து திடீரென ஒரு கல்யாண வீடு வந்தது. வளைந்து நெளிந்த கோடுகளுக்குப் பின்னால் பெண்கள் நடமாடினார்கள். ஒரு ஓரத்தில் பச்சைச் சேலை உடுத்த ஒருத்தி, நான்கைந்து வயதுப் பிள்ளையொன்றைப் பார்த்துக் கையசைத்துக் கொண்டிருந்தாள். கூப்பிடுகிற கையசைப்பு அல்ல. விரல்கள் ஏதோ பேசின.

“இவட உம்மா,” என்றாள் பஸ்மிலா. “என்ட கூடப்பிறந்த நானாட மனுசி. புள்ளைக்குக் காது கேக்காது எண்டு தெரிஞ்ச நாள்ல இருந்து ரெண்டு பேரும் தங்களுக்குள்ள ஒரு கைப்பாஷை வெச்சிருந்தாங்க. எங்களுக்கே விளங்காது. சுனாமியில கடல் வந்த அண்டைக்கு நானாவும் போனார், மனுசியும் போய்ச்சேர்ந்தா. வீட்டில ஒரு போட்டோவும் மிஞ்சல்ல. அந்தக் காலத்துல கல்யாண வீடியோ எடுத்த கடைக்காரங்களே படமும் வாடகைக்குக் குடுத்தாங்க. பழைய கசட்டுக்கு மேலயே படத்த ஏத்துவாங்க. றமீஸ் தம்பி அதுல ஒரு துண்ட போன்ல போட்டிருந்தார். படம் முடிஞ்சு கொஞ்சம் ஓடிப்போச்சு.”

குழுவில் தேடும்போது கண்ட அந்தத் துண்டு அப்னாவுக்கு நினைவிருந்தது. அதற்குக் கீழே ‘கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லையா’ என்று யாரோ எழுத, எல்லோரும் சிரித்திருந்தார்கள். பஹ்மிதா தன் தாயை அங்கேதான் பார்த்திருக்கிறாள்.

‘நான் களவெடுக்கவில்லை,’ என்று பஹ்மிதா எழுதினாள். ‘கேட்டேன். அவர் தரவில்லை. வீட்டுக்குப் போனேன். தந்தார்கள்.’

‘யார் தந்தது?’

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டாள்.

முத்தலிப் பையிலிருந்து பெயரில்லாத கசட்டை எடுத்தார். “இதப் போட்டுப் பாக்க ஏலுமா எண்டு கேளு.”

இன்னொரு கல்யாண வீடு வந்தது. மாலைக்குள் மூச்சு முட்ட ஒரு மாப்பிள்ளை.

“யா அல்லாஹ்!” என்றாள் அப்னா. “றமீஸ் காக்காக்கு அப்ப முடி இருந்திரிக்கி!”

அடுத்த கணம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மணப்பெண் தலை நிமிர்ந்தாள். காலையில் பிளேன்டி கொண்டுவந்து வைத்த றிஸ்லா.

“கள்ளன் அலுமாரிய உடைக்கல்ல,” என்றார் முத்தலிப். “திறப்பு இருக்கிற இடம் தெரிஞ்ச ஆள். அவசரத்துக்குக் கைக்குக் கிடைச்சது தன்ட கல்யாணக் கசட்.” குரலில் வெற்றி எதுவும் இல்லை. “சொன்னா ஒரு குடும்பத்துக்குள்ள நெருப்பு. சொல்லாட்டி அந்தப் பொடியன் கள்ளன்.”

“என்ன செய்யப் போறீங்க மாமா?”

“களைச்சுப் போனன். முதல்ல தண்ணி குடுக்கச் சொல்லு.”

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு றமீஸின் முன்னறையில் முத்தலிப் மீண்டும் உட்கார்ந்தார். இந்த முறை குசினிக் கதவுக்குப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டார். வழக்கத்தை விட உரக்கப் பேசினார்.

“சாஜித் எடுக்கல்ல தம்பி.”

“அப்ப ஆரு?”

“அத விடுங்க. சாஜித்துட நிலைமையக் கேளுங்க. அவன்ட வகுப்புல ஒரு புள்ளையும் இல்ல. நிக்காஹ் பேசின வீட்டில பின்வாங்குறாங்க. செய்யாத களவுக்கு ஊரெல்லாம் அவன்ட முகம். இந்த வீட்டில ஆருக்காவது இதெல்லாம் தெரியுமா எண்டு எனக்குத் தெரியா.”

“ஏன் காக்கா கத்திக் கதைக்கீங்க? எனக்குக் காது கேக்கும்.”

குசினிக்குள் ஏதோ பாத்திரம் வைக்கப்பட்டது. றிஸ்லா வெளியே வந்தாள். கை ஈரமாக இருந்தது.

“அந்தப் பொடியன்ட பேரப் போட்டீங்களா?” என்று கணவனிடம் கேட்டாள். “என்ட போன்ல முகநூலெல்லாம் இல்ல எண்டு தெரியும்தானே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கசட்ட நான்தான் எடுத்துக் குடுத்தன்.”

றமீஸ் அவளையே பார்த்தார். “என்னக் கேக்காம?”

“அந்தப் புள்ள உங்களக் கேட்டிச்சே. நீங்க கதவடைச்சீங்க. பிறகு வாசல்ல வந்து நிண்டு எனக்குப் போன்ல எழுதிக் காட்டிச்சு. நீங்க கடையில இருக்கக்குள்ள போட்டுப் பாத்தன். உம்மாட முகத்தக் கண்டு அது அழுதத நீங்க கண்டிருந்தா நீங்களும் குடுத்திருப்பீங்க. குடுத்திருப்பீங்க எண்டு நினைச்சுத்தான் குடுத்தன்.” ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள். “நம்மட கல்யாணக் கசட்ட வெச்சன். நீங்க கண்டு பிடிக்கமாட்டீங்க எண்டு தெரியும். ஒருநாளும் போட்டுப் பாத்ததில்லையே.”

அப்னா தரையைப் பார்த்தாள்.

றமீஸ் எழுந்து கசட்டுச் சுவரிடம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோபம் வருமென்று முத்தலிப் காத்திருந்தார். வந்தது வேறு.

“எந்த டெக்குல போட்டுப் பாக்குது அந்தப் புள்ள?”

“தம்பிலுவில்ல வாங்கின பழசொண்டு,” என்றார் முத்தலிப். “சத்தம் வராது. படமும் கோடு கோடா.”

“முகம் தெரியுதா?”

“மட்டுமட்டாத் தெரியுது.”

“ஹெட் தேஞ்ச டெக்!” றமீஸ் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் பழைய சண்டைக்காரன் குரல். “அது நாடாவத் தின்னும்! இனிப் போடவேணாம் எண்டு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க!”

அப்னா செய்தியை அனுப்பினாள். டெக்கைப் பற்றி யோசிக்கும் முன் றமீஸ் இன்னொன்று செய்ய வேண்டும் என்றார் முத்தலிப். றமீஸ் அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினார். சாஜித் எடுக்கவில்லை, பிழை என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன். சற்று நேரத்தில் முதலாவது பதில் வந்தது: ‘எவ்வளவு வாங்கினீர்கள்?’ இரண்டாவது பதில் டிஸ்க்கே மேல் என்றது. மூன்றாவதாக சாஜித் குழுவை விட்டு விலகினான்.

மறுநாள் முத்தலிப்பும் றமீஸும் அந்த நிக்காஹ் வீட்டுக்குப் போனார்கள். றமீஸ் தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் தேநீர் கொடுத்தார், கேட்டார், “பாப்பம்” என்றார். ஒரு பொய்யைப் பரப்ப ஒரு விரல் போதுமாக இருந்தது; மெய்யை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முத்தலிப்புக்கு நடக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, யாரையும் தொடவிடாத தன் நல்ல டெக்கை றமீஸ் ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பொலிவேரியனுக்கு வந்தார். றிஸ்லாவும் வந்தாள். அவர் ஹெட்டைத் துடைத்தார், கசட்டைக் கையால் சுற்றி நாடாவைத் தளர்த்தினார், கணினியில் பதிய வயரைக் கொழுவினார். பஹ்மிதா அவருடைய கையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

கல்யாண வீடு வந்தது. றமீஸ் ஒரு திருகாணியை மெல்லத் திருப்பினார். நெளிந்துகொண்டிருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின. பச்சைச் சேலைக்காரியின் முகம் தெளிந்து நின்றது. முப்பதைத் தொடாத முகம். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம்.

பஹ்மிதா திரைக்குக் கிட்டப் போய்க் குந்தினாள். தாயின் விரல்கள் இப்போது தெளிவாகத் தெரிந்தன. ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். திருப்பிப் போடச் சொல்லிக் கை காட்டினாள். மறுபடி பார்த்தாள். அவளுடைய விரல்கள் மடியில் தானாக அசைந்து, தாயோடு சேர்ந்து பேசின.

திடீரென்று அவள் சிரித்தாள். வாய்விட்டு, உடைந்த குரலில், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பஸ்மிலா பயந்து எழுந்தாள்.

“என்னவாம்?” என்றார் றமீஸ். “உம்மா என்ன சொல்றாவாம்?”

பஹ்மிதா போனை எடுத்து எழுதினாள். சிரிப்பு அடங்காததால் நேரமெடுத்தது. அப்னா வாங்கி வாசித்தாள்.

“‘புரியாணியில உப்புக் கூடிப்போச்சு. ஆருக்கும் சொல்லிராத.’”